சீட்டாடுறவன் எழுதினா என்ன, சோர்ஸ் இருக்கான்னு பாருங்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்க பத்திரிகையோட வாசகர் கடிதம் பகுதில சமீபத்துல ஒருத்தர் விக்கிபீடியாவை ஒரு பிடி பிடிச்சிருந்தார். அதை யார் எழுதுறாங்கன்னே தெரியாது, பேராசிரியரும் எழுதலாம் சீட்டாடுறவனும் எழுதலாம், அப்படிப்பட்ட ஒண்ணைப் போய் பசங்க நம்பிப் படிக்கிறாங்களேன்னு அவருக்கு ஆதங்கம். வயசுல பெரியவர் மாதிரி தெரியுது, மரியாதையோடவே பதில் சொல்றேன். ஐயா, நீங்க சொன்ன அந்த சீட்டாடுறவன் நான்தான். போக்கர்தான் எனக்குத் தொழில், வீட்டு வாடகை அதுலதான் போகுது, பல வருஷமா விக்கிபீடியாலயும் எடிட் பண்ணிட்டு இருக்கேன். என் பயனர் பக்கத்துல முதல் வரியே தொழில்முறை போக்கர் ஆட்டக்காரன்னுதான் இருக்கும், ஒளிச்சு மறைச்சு எதுவும் இல்ல.

சூதாட்டம் நல்லதா கெட்டதாங்கற பஞ்சாயத்துக்குள்ள நான் போகல. தருமர் கதையை எனக்கும் சின்ன வயசுல சொல்லித்தான் வளர்த்தாங்க. நான் கேக்கறது வேற. எழுதுறவன் என்ன தொழில் பண்றான்னு தெரிஞ்சுட்டா அவன் எழுதினது சரியா தப்பான்னு தெரிஞ்சிடுமா?

இதுக்கு விக்கிபீடியா வரலாற்றுலயே ஒரு கூத்து நடந்திருக்கு. எஸ்ஜேங்கற புனைபெயர்ல ஒருத்தர் இருந்தார், இறையியல் பேராசிரியர், டாக்டர் பட்டம் வாங்கினவர்னு தன்னைப் பத்தி எழுதி வச்சிருந்தார், விவாதம் வர்றப்போ அந்தப் பட்டத்தையே எடுத்து மேஜை மேல வச்சு ஜெயிச்சார், நிர்வாகப் பொறுப்புலயும் நல்லா மேல வந்துட்டார், 2006ல தி நியூயார்க்கர் பத்திரிகைல அவரைப் பத்தி எழுதவும் செஞ்சாங்க. 2007ல பார்த்தா ஆள் 24 வயசுப் பையன், எந்தப் பட்டமும் கிடையாது. இத்தனை பெரிய பத்திரிகையே திருத்தம் போட வேண்டியதாச்சு. பேராசிரியர்னு சொன்னவர் பேராசிரியர் இல்ல, சீட்டாடுறவன்னு சொன்னவன் நிஜமாவே சீட்டாடுறவன், இதுல யாரை நம்புவீங்க? ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம்னுதான் அங்க இருக்கற ஏற்பாடு. நீ யாருன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க, இது எங்க அச்சாகியிருக்குன்னுதான் கேப்பாங்க.

சரி, ஒரு போக்கர்காரன் அங்க போய் என்னதான் கிழிக்கிறான்னு கேட்டா, பாதி வேலை கணக்கு. ராயல் ஃபிளஷ், அதாவது ஒரே சின்னத்துல 10லேருந்து ஏஸ் வரைக்கும் அஞ்சு சீட்டு, வர்றதுக்கான வாய்ப்பு 6,49,740ல ஒண்ணுன்னு எல்லாரும் எழுதுவாங்க. 52 சீட்டுல 5 சீட்டு எடுத்தா 25,98,960 விதமா வரலாம், அதுல ராயல் ஃபிளஷ் 4, வகுத்தா அந்த நம்பர் வரும், தப்பில்ல. ஆனா இன்னைக்கு உலகம் பூரா ஆடற டெக்சஸ் ஹோல்டம்ல கையில 2, நடுவுல 5, மொத்தம் 7 சீட்டுலேருந்து நல்ல 5 எடுத்துக்கலாம், அப்போ வாய்ப்பு 30,940ல ஒண்ணு. பழைய நம்பரைக் கொண்டுபோய் ஹோல்டம் பத்தின வரில ஒட்டுனா இருபது மடங்கு தப்பு. இதை வெளியாள் ஒருத்தர் படிச்சா ஏதோ பெரிய நம்பர்னு தாண்டிப் போயிடுவார், எனக்கு அது கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ரெண்டு ஏஸ் கையில வர்றது 221 தடவைக்கு ஒரு தடவை, ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் எல்லாக் காசையும் நடுவுல வச்சு மோதுனா ஏஸ் சுமார் 82 சதவீதம் ஜெயிக்கும், இதெல்லாம் எங்களுக்கு வாய்ப்பாடு. யார் வேணும்னாலும் போட்டுச் சரிபார்க்கக்கூடிய சாதாரண கணக்கை விக்கிபீடியா எங்கயும் அச்சாகாத சொந்த ஆய்வுன்னு தள்ளறதில்ல, அந்த அளவுக்கு விதி இருக்கு, அதனால இந்த வேலை சண்டை இல்லாம முடியும்.

சண்டை வர்ற இடம் பணம். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா உங்க பத்திரிகை உள்பட எல்லாப் பத்திரிகையும் இதுல சறுக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு போக்கர் ஆட்டக்காரரைப் பத்தின பக்கத்தைத் திறந்தா மொத்த டோர்னமென்ட் வருமானம் இத்தனை மில்லியன் டாலர்னு இருக்கும், படிக்கிறவங்க அவர் அத்தனையும் சம்பாதிச்சுட்டார்னு நினைப்பாங்க. அது சம்பாத்தியம் இல்லீங்க, பரிசுத்தொகைகளோட கூட்டல். அதுலேருந்து கட்டின என்ட்ரி காசு கழிக்கப்படல. தோத்துட்டு வெளிய வந்த டோர்னமென்ட் எத்தனைன்னு அந்த லிஸ்ட்ல இருக்காது, பரிசு வாங்கினதுதான் பதிவாகும். இன்னைக்கு நிறைய போட்டில தோத்தவுடனே மறுபடி காசு கட்டி உள்ள போகலாம், ரீ-என்ட்ரின்னு சொல்றது, ஒரே போட்டிக்கு மூணு தடவை கட்டிட்டு கடைசில நாலு மடங்கு பரிசு வாங்கினாலும் லிஸ்ட்ல அந்த நாலுதான் தெரியும், கட்டின மூணு தெரியாது. அதுக்கும் மேல ஸ்டேக்கிங்னு ஒண்ணு இருக்கு, பெரிய போட்டிக்குப் போறவங்க தன்னோட பங்குல பாதியோ முக்காலோ வேற ஆளுங்களுக்கு வித்துட்டுத்தான் உக்காருவாங்க, ஜெயிச்சா பணம் அவங்களுக்குப் பிரிஞ்சு போயிடும்.

2012ல லாஸ் வேகாஸ்ல பிக் ஒன் ஃபார் ஒன் டிராப்னு ஒரு போட்டி நடந்துச்சு, 48 பேர் ஆடினாங்க, உள்ள போறதுக்கே ஒருத்தருக்கு 10 லட்சம் டாலர். அந்தோனியோ எஸ்ஃபான்டியாரி ஜெயிச்சார், முதல் பரிசு 1 கோடியே 83 லட்சம் டாலருக்கு மேல. உலகம் பூரா தலைப்புச் செய்தி. 10 லட்சம் டாலரை ஒரே ஆட்டத்துல முழுசா சொந்தக் காசா வைக்கிற தொழில்முறை ஆட்டக்காரன் ரொம்ப அபூர்வம், பங்கு பிரிச்சுத்தான் ஆடுவாங்க, அவரும் பங்கு வித்துட்டுத்தான் உக்காந்தார். ஆனா செய்திலயும் சரி, அதை வச்சு எழுதின பக்கங்கள்லயும் சரி, மொத்தத் தொகை அவர் பாக்கெட்டுக்குள்ள போன மாதிரியே இருக்கும். இந்த மாதிரி இடத்துல நான் போய் சம்பாதித்தார்னு இருக்கறதை பரிசுத்தொகைன்னு மாத்துவேன், பின்னாடியே வேற ஒருத்தர் வந்து பழையபடி மாத்துவார், டாக் பேஜ்ல, அதாவது எடிட் பண்றவங்க பேசிக்கற பக்கத்துல, ரெண்டு பக்கத்துக்கு வாக்குவாதம் ஓடும். எதிர்ல பேசற ஆள் ரசிகரா இருப்பார், தன் ஹீரோவைக் குறைச்சுப் பேசறேன்னு கோபம். குறைக்கல சாமி, கணக்கைச் சரியா எழுதறேன். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் அந்த நம்பரைப் பார்த்துட்டு இதுதான் ஈஸியான வழின்னு காலேஜை விட்டுட்டு வந்துடக்கூடாதுல்ல? கடிதம் எழுதின ஐயாவுக்கு இந்த இடத்துலயாவது நான் அவர் கட்சின்னு தோணும்னு நினைக்கிறேன்.

கிறிஸ் மணிமேக்கர் கதை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பீங்க. அது நிஜப் பேருதான், ஆளு அக்கவுண்டன்ட். 2003ல இன்டர்நெட்ல ஒரு சின்ன தகுதிப் போட்டில ஜெயிச்சு, 10,000 டாலர் என்ட்ரி இருக்கற வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவன்ட்டுக்கு சீட் வாங்கி, 839 பேர்ல முதலா வந்து 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அடுத்த வருஷமே ஆட வந்தவங்க 2,576 பேர், 2006ல 8,773 பேர், அவ்வளவு தாக்கம். சரி, அந்தச் சின்னப் போட்டிக்கு அவர் கட்டினது எவ்வளவு? டிவில 39 டாலர், 40 டாலர்னு சொல்லிச் சொல்லியே அது ஊர்ஜிதமாயிடுச்சு, அவரே பின்னாடி 86 டாலர்னு சொன்னார். இது மாதிரி முரண்டு பிடிக்கிற தகவலுக்கு விக்கிபீடியால ஒரு நல்ல பழக்கம் இருக்கு, எது சரின்னு நாமளா தீர்ப்பு எழுதாம இங்க இப்படி வந்திருக்கு, அங்க அப்படி வந்திருக்குன்னு ரெண்டையும் சொல்லி சோர்ஸ் கொடுத்துடலாம். பேப்பர்ல இந்த மாதிரி ரெண்டு கணக்கையும் போடறதை நான் அதிகம் பார்த்ததில்ல. அந்த 25 லட்சமும் அவருக்கு முழுசா இல்ல, அப்பாவுக்கும் ஒரு ஃபிரண்டுக்கும் முன்னாடியே பங்கு வித்திருந்தார், மேல சொன்ன அதே கதைதான்.

இப்போ என்னால எழுத முடியாததைச் சொல்றேன், அதுதான் ரொம்பக் கஷ்டமான பகுதி. என் மண்டைக்குள்ள இருக்கற தொழில் அறிவுல பெரும்பகுதி அங்க செல்லாக்காசு. ஒரு மேஜைல யார் யாருக்கு காசு பிரிச்சுக் கொடுக்கறாங்க, எந்த ஆட்டக்காரர் நிஜமாவே கடன்ல இருக்கார், எந்த ஆன்லைன் போக்கர் சைட் பணம் தர்றதுக்கு இழுத்தடிக்குது, எல்லாம் தெரியும், ஒரு வரி எழுத முடியாது, எழுதவும் கூடாது. உயிரோட இருக்கறவங்களைப் பத்தி சோர்ஸ் இல்லாத குற்றச்சாட்டு எழுதினா உடனே தூக்கணும்னு விதி. ஜான் சீகென்தாலர்ங்கற பத்திரிகையாளரைப் பத்தி, கென்னடி கொலைல அவருக்கும் தொடர்புன்னு எவனோ 2005ல எழுதி வச்சு, மாசக்கணக்கா அது அப்படியே கிடந்து, அவரே பேப்பர்ல எழுதிக் கிழிச்சப்புறம்தான் இந்த விஷயத்துல கெடுபிடி வந்துச்சு.

அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட்னு ரெண்டு சைட்டுல நடந்த மோசடி இதுக்கு இன்னொரு பக்கம். எதிராளியோட மூடின சீட்டைப் பார்க்கற மாதிரி ரகசிய அக்கவுண்ட் வச்சு ஆடியிருக்காங்க. கண்டுபிடிச்சது போலீஸ் இல்ல, ஆட்டக்காரங்களே. 2007ல, தோத்த ஒருத்தர் தன் ஆட்டப் பதிவைக் கேக்க, கம்பெனி தவறுதலா எல்லாரோட மூடின சீட்டும் இருக்கற ஃபைலை அனுப்பிட்டாங்க, அதை வச்சு கணக்குப் போட்டுப் பார்த்தா ஒருத்தன் ஆடற விதம் மனுஷனால முடியாத விதம், எதிராளி கை பலமா இருந்தா தவறாம ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுட்டு விலகறது, பலவீனமா இருந்தா தவறாம ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏத்தறது. போட்டுப் பார்த்த எங்களுக்கெல்லாம் சந்தேகமே இல்ல. ஆனாலும் நாங்க போட்ட கணக்கு கலைக்களஞ்சியத்துக்கு சோர்ஸ் ஆகாது. 2008 நவம்பர்ல வாஷிங்டன் போஸ்ட்டும் 60 மினிட்ஸ் டிவி நிகழ்ச்சியும் சேர்ந்து விசாரிச்சு வெளியிட்டாங்க பாருங்க, அந்த மாதிரி ஒண்ணு கையில இருந்தாத்தான் தைரியமா எழுத முடியும். எனக்கு இந்த விதி மேல அப்பப்போ எரிச்சல் வரும், இருந்தாலும் இது இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிச்சா, தோத்தவன் எல்லாம் ஜெயிச்சவனை மோசடிக்காரன்னு எழுதிட்டுப் போயிடுவான், போக்கர்ல தோத்துட்டு அப்படிச் சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்ல.

என்னைப் பத்தின பக்கத்துல நான் கை வைக்கிறதில்ல, அப்படி ஒரு பக்கமே இல்லைங்கறது வேற விஷயம். என் கூட ஆடற ஃபிரண்ட்ஸ் பக்கத்துலயும் நேரா எடிட் பண்ண மாட்டேன், டாக் பேஜ்ல வேண்டுகோளா போட்டுட்டு வேற யாராவது பார்த்துச் செய்யட்டும்னு விட்டுடுவேன். ஒரு ஆன்லைன் சைட்காரங்க, பேர் வேண்டாம், எங்க பக்கத்துல இருக்கற சர்ச்சை பகுதியைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுங்க, கவனிச்சுக்கறோம்னு கேட்டாங்க. 2014லேருந்து காசு வாங்கிட்டு எடிட் பண்றவங்க யாருக்காகப் பண்றோம்னு வெளிப்படையா சொல்லியே ஆகணும், அதைச் சொன்னதும் ஆள் பேச்சையே காணோம். இதுல பெரிய மனுஷங்களே மாட்டியிருக்காங்க. விக்கிபீடியாவை லாரி சாங்கரோட சேர்ந்து ஆரம்பிச்ச ஜிம்மி வேல்ஸ், தன்னைப் பத்தின பக்கத்துல தானே திருத்தம் பண்ணினது 2005ல வெளிய வந்து, பண்ணியிருக்கக் கூடாதுன்னு அவரே சொன்னார். எழுத்தாளர் ஃபிலிப் ராத் தன் நாவல் யாரை வச்சு எழுதினதுன்னு தப்பா போட்டிருக்கு, நானே சொல்றேன் மாத்துங்கன்னு கேட்டப்போ, நீங்க சொன்னா மட்டும் போதாது வேற சோர்ஸ் வேணும்னுட்டாங்க, மனுஷன் கடுப்பாகி 2012ல தி நியூயார்க்கர்ல நீளமா ஒரு திறந்த மடல் எழுதினார். அபத்தம்னு நிறைய பேர் சிரிச்சாங்க. எனக்கு அது அவ்வளவு அபத்தமா படல. தன்னைப் பத்தித் தானே சொல்றதை அப்படியே ஏத்துக்கிட்டா எஸ்ஜேவோட பட்டத்தையும் ஏத்துக்கத்தானே வேணும்?

குணத்தைப் பத்தி ஒரு வார்த்தை. போக்கர்ல முதல்ல கத்துக்கறது, நடுவுல போட்ட காசு உன் காசு இல்ல. இவ்வளவு போட்டுட்டோமேன்னு பிடிச்சுத் தொங்கினா இன்னும் போகும், தோத்த கைன்னு தெரிஞ்சா விட்டுட்டு எந்திரிக்கணும். விக்கிபீடியால எழுதி சேவ் பண்ண பத்தியும் அப்படித்தான், அது அப்புறம் உன்னுது இல்ல, வந்தவன் போனவன் எல்லாம் வெட்டுவான். ராத்திரி பூரா உக்காந்து எழுதினதை ஒருத்தன் ஒரே கிளிக்ல ரிவர்ட் பண்ணுவான், அதாவது பழையபடி மாத்திடுவான், படிச்ச பெரிய மனுஷங்க பல பேர் அந்த இடத்துல ரோஷப்பட்டு, திருப்பி ரிவர்ட், அவன் திரும்ப ரிவர்ட், 24 மணி நேரத்துல ஒரே பக்கத்துல மூணுக்கு மேல ரிவர்ட் பண்ணினா பிளாக் ஆகலாம்னு விதி இருக்கறதே இந்த ரோஷத்துக்காகத்தான். எங்க பாஷைல அதுக்குப் பேர் டில்ட், கோபத்துல ஆடறது. டில்ட் ஆகறவன் போக்கர்ல ரொம்ப நாள் தாங்க மாட்டான், அதனால தாங்கிட்டு இருக்கறவன் விக்கிபீடியாவுக்குத் தோதான ஆள்னு நான் தைரியமா சொல்லுவேன். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேஜைல எல்லாரையும் சந்தேகப்பட்டே பழகிட்டோம், அங்க எதிர்ல இருக்கறவர் நல்ல எண்ணத்துலதான் செய்யறார்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும், அது இன்னும் எனக்குச் சுலபமா வரல.

சூதாடிக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு, 1654ல பாஸ்கல், ஃபெர்மாங்கற ரெண்டு கணித மேதைகள் எழுதிக்கிட்ட கடிதங்கள்லதான் நிகழ்தகவுக் கணிதமே உருவாச்சு, அதுக்குக் காரணம் சூதாட்டத்துல பாதில நின்ன ஆட்டத்துக்குப் பணத்தை எப்படிப் பிரிக்கறதுன்னு ஒருத்தர் கேட்ட சந்தேகம். கணித மேதை ஜான் வான் நாய்மன், பிளஃப் பண்றதை, அதாவது கையில நல்ல சீட்டு இல்லாமலே இருக்கற மாதிரி பந்தயம் கட்டறதை, கணக்காவே போட்டுக் காட்டினார். ஜிம்மி வேல்ஸ்கூட முன்னாடி சிகாகோல ஆப்ஷன்ஸ் டிரேடிங்ல, அதாவது விலை ஏறுமா இறங்குமான்னு கணிச்சுப் பணம் போடற தொழில்ல, இருந்தவர்தான். சும்மா சொல்லி வச்சேன்.

ஆசிரியர்கிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு, இந்தக் கடிதம் எழுதினதே பாதி அதுக்காகத்தான். எங்களுக்கு சோர்ஸ் நீங்கதான். பேப்பர்ல வந்ததைத்தான் நாங்க கீழ குறிப்பா போடறோம், நீங்க தப்பா போட்டா அது எங்ககிட்ட வந்து உக்காந்துக்கும், அப்புறம் உங்க ஆளே எங்களைப் பார்த்து மறுபடி எழுதுவார், அதை நாங்க இன்னொரு சோர்ஸா எடுத்துப்போம். கற்பனைன்னு நினைக்காதீங்க. 2008ல அமெரிக்காவுல ஒரு மாணவர் விளையாட்டா, கோவாட்டிங்கற விலங்குக்கு பிரேசிலியன் ஆர்ட்வார்க்னும் ஒரு பேர் இருக்குன்னு விக்கிபீடியால சேர்த்தார், அப்படி ஒரு பேரே கிடையாது, ஆனா வருஷக்கணக்கா யாரும் கவனிக்கல, பத்திரிகைகள் அதை எடுத்து எழுதினாங்க, எழுதின பத்திரிகையையே விக்கிபீடியால சோர்ஸா போட்டாங்க, கதை முடிஞ்சது. இதுல சீட்டாடுறவன் யாரும் இல்ல பாருங்க.

அதனால அடுத்த தடவை யாராவது பெரிய போக்கர் போட்டில ஜெயிச்ச செய்தி போட்டா, இத்தனை கோடி சம்பாதித்தார்னு போடாதீங்க. முதல் பரிசு எவ்வளவு, என்ட்ரி எவ்வளவு, எத்தனை பேர் ஆடினாங்க, மறுபடி காசு கட்டி உள்ள போக முடியுமான்னு நாலு விவரம், ஒரே வாக்கியத்துல அடங்கிடும். ஏஜென்சி செய்தில என்ட்ரி தொகை பெரும்பாலும் இருக்கும், எடிட்டிங்ல இடம் இல்லைன்னு முதல்ல வெட்டறது அதைத்தான், அதை மட்டும் வெட்டாம விடுங்க. அப்படி ஒரு செய்தி தமிழ்ல அச்சுல வந்தா, அன்னைக்கே சோர்ஸா சேர்க்கறதுக்கு நான் இருக்கேன்.

கடிதத்தைப் போட்டீங்கன்னா என் பேர் போட வேண்டாம், மேஜைல எதிர்ல உக்காரறவங்களுக்கு நான் எப்போ டில்ட் ஆவேன்னு தெரிய வேண்டிய அவசியம் இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்